சுரண்டி

மாரியில் களனி கங்கை பிளேன்டி நிறத்தில் ஓடும். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் என் அயலவர்களுக்கு அது கலங்கல் தண்ணீர். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த எனக்கு அது மஸ்கெலியா, டிக்கோயா மேல்மண்.

அந்த மண் இறங்கத் தொடங்கியது தேயிலைக்கு முன்பே. 1840களில் கோப்பிக்காக மலைக்காட்டை வெட்டி எரித்தார்கள். செடிகளுக்கு நடுவே ஒரு புல்லும் நிற்கக் கூடாது என்பது துரைமாரின் மானப் பிரச்சினை. ஏக்கருக்கு மாதம் இவ்வளவு என்று புல்லைக் கொந்தரப்புக்கு விட்டார்கள். ஆயுதம் சுரண்டி. அது புல்லோடு மண்ணின் தோலையும் உரித்துவிடும். மிச்ச வேலையைத் தென்மேற்கு மழை பார்த்துக்கொள்ளும். 1869இல் மடூல்சீமையில் இலைநோய் கண்டு, பிறகு கோப்பி அழிந்தபோது தேயிலைக்குக் கிடைத்தது கழுவிப்போன நிலம்தான்.

1873இல் கியூ தாவரவியல் பூங்கா இயக்குநர் ஜோசப் ஹூக்கர் எழுதியபின் 5000 அடிக்கு மேற்பட்ட காட்டை விற்பதை அரசாங்கம் நிறுத்தியது. ஊற்றுக்கண்கள் தப்பின. கீழே இருந்த சரிவுகளுக்கு யாரும் அவசரப்படவில்லை. மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை வந்தது 1931இல், மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல். நடுவே இருபது வருஷ மழை!

என் காலத்தில் பழைய விதைத் தேயிலைத் தூர்கள் ஒரு சாண் வேரை வெளியே காட்டிக்கொண்டு நின்றன. அந்த ஒரு சாணும் மண் இருந்த உயரம். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவோம். கானுக்குள் இடைக்கிடை மண்தடுப்பு விடுவோம். தண்ணீர் தேங்கி, வண்டல் படிந்து, மெல்ல வழியும். மழை விட்டதும் அந்த வண்டலை அள்ளி மேல்பக்கத் தேயிலைக்கே போட வேண்டும். கீழ்ப்பக்கம் எறிவது சுகம், முதுகு வலிக்காது. அதனால் கங்காணி கானருகே நிற்க வேண்டும். புல் மிச்சம் வைத்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்; மண்ணைக் கீழே விட்டதைக் குறிக்கச் செக்ரோல் என்ற பேர்ப்பதிவில் இடமே கிடையாது.

தேய்ந்த மண்ணைத் தேற்றுவதற்குத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொன்ன வழி குவாத்தமாலா புல். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, ஒன்றரை இரண்டு வருஷம் அந்தப் புல்லை வளர்த்து, வெட்டி வெட்டி அங்கேயே பரப்ப வேண்டும். வேர் மண்ணைப் பிடிக்கும், இலை மக்கும். ஆனால் இரண்டு வருஷம் கொழுந்து இல்லை. கொழும்பில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அந்த நிலம் சும்மா கிடப்பதாகவே தெரியும். புல்லை ஒழிக்கக் கூலி கொடுத்த மலையில் புல் நடவும் கூலி கொடுத்தோம் என்று கிழவிகள் சிரிப்பார்கள்.

பிறகு புல்லுக்கு மருந்தடிப்பு வந்தது. 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லிக்குத் தடை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். இடையில், ஆளும் பற்றாமல், கையால் களையெடுக்கும் பேச்சு திரும்பவும் எழுந்தது. தீங்கில்லாத சின்னப் புல்லை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடுங்கு என்பது இன்றைய ஆலோசனை. என் முதல் துரையிடம் இதைச் சொல்லியிருந்தால், மண்ணுக்கு முன்னால் என்னை மலையிலிருந்து இறக்கியிருப்பார்.