ஏறும்போது லோடா, காலியா? மலைத்தோட்டப் பிக்கப்பின் இழுவை குறித்த ஆய்வு

1. ஆய்வின் எல்லை

மலையில் நிலம் வைத்திருப்பவர் பிக்கப் வாங்கப் போனால் டூ வீல் டிரைவ் போதுமா, ஃபோர் வீல் வேண்டுமா என்ற குழப்பம் வந்தே தீரும். மஹிந்திரா பொலேரோ கேம்பரும், ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாரான இசுசு வி-கிராஸும் இரண்டு வகையிலும் விற்பனைக்கு வந்தவை. டொயோட்டா ஹைலக்ஸ் 2022இல் இந்தியாவுக்கு வந்தபோது ஃபோர் வீலாக மட்டுமே வந்தது. எத்தனை மூட்டை ஏற்றுவோம் என்று பார்த்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். மண்பாதையில் ஏறும் நேரத்தில் வண்டியில் லோடு இருக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். நீலகிரி, வால்பாறைத் தோட்டப் பாதைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

2. பிடிப்பின் கணக்கு

இன்ஜினில் எவ்வளவு சக்தி இருந்தாலும், சக்கரம் தரையைப் பிடிக்கும் அளவுக்குத்தான் வண்டி நகரும். இழுக்கும் சக்கரங்களின் மேல் அழுத்தும் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் அந்த அளவு கிடைக்கும். பிக்கப்பில் இன்ஜின் முன்னே, லோடு பாடி பின்னே. ஆகவே காலி வண்டியின் எடையில் பாதிக்கும் மேல் முன் ஆக்சிலில் இருக்கிறது. டூ வீல் பிக்கப்பில் இழுப்பதோ பின் சக்கரங்கள்.

காலி வண்டி 1,900 கிலோ, அதில் பின் ஆக்சிலின் பங்கு 800 கிலோ எனக் கொள்வோம். மழையில் ஊறிய செம்மண்ணில் உராய்வுக் கெழு 0.3 என்றால் இழுவிசை 240 கிலோ. சேறு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தடை, வண்டி எடையில் 8 சதவீதம் என்றால் 152 கிலோ அதிலேயே கழிந்துவிடும். மிஞ்சிய 88 கிலோவில், 100 மீட்டர் தூரத்துக்கு 5 மீட்டர் உயரம்கூட ஏற முடியாது. நான்கு சக்கரமும் இழுத்தால் அதே பாதையில் 22 மீட்டர் ஏறலாம்.

இப்போது பின்னால் 800 கிலோ ஏற்றுவோம். அதில் 720 கிலோ பின் ஆக்சிலுக்குப் போகும். அதே டூ வீல் வண்டி 9 மீட்டர் வரை ஏறும். ஏற்றத்தில் எடை சற்றுப் பின்னே சாய்வதை இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தாலும் முடிவு பெரிதாக மாறாது. காலி வண்டியில் ஓட்டுநர்கள் கல்லோ மணல் மூட்டையோ போட்டு ஏறுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் 200 கிலோ கல் போட்டாலும் ஏற்றம் 6 மீட்டர் அளவுக்குத்தான் உயரும்.

3. நிலம் எங்கே இருக்கிறது

ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் கேரட் போடுபவரின் வண்டி காலியாக இறங்கி லோடோடு ஏறும். பாதை மிதமான சரிவாக இருந்து, நல்ல பட்டன் டயரும் போட்டிருந்தால் அவருக்கு டூ வீல் போதும். நிலம் ரோட்டுக்கு மேலே இருந்தால் நிலைமை தலைகீழ். லோடு இறங்கும், வண்டி காலியாக ஏறும். அடைமழையில் அறுவடை நாளன்று அது பாதி வழியில் நின்றால், விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய சரக்கு தோட்டத்திலேயே கிடக்கும். இவருக்கு ஃபோர் வீல் வேண்டும் என்று தயங்காமல் சொல்வேன்.

4. தார்ச்சாலை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஃபோர் வீல் அங்கே உதவும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான பிக்கப்புகளில் இருப்பது பகுதிநேர ஃபோர் வீல். முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே, வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். காய்ந்த தார் வழுக்கிக் கொடுக்காது என்பதால் முறுக்கம் முழுவதும், இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸிலும் ஆக்சிலிலும் ஏறும். அதனால் காய்ந்த தாரில் இந்த வண்டியையும் டூ வீலில்தான் ஓட்ட வேண்டும்.

5. இறக்கமும் லாக்கும்

சேற்று இறக்கத்தில் ஃபோர் வீலின் தாழ்கியரான ஃபோர் லோ அருமையான துணை. கியர் விகிதம் சுமார் இரண்டரை மடங்கு தாழ்ந்து, இன்ஜின் பிடிப்பு நான்கு சக்கரத்துக்கும் பகிரப்படுவதால் வண்டி நிதானமாக இறங்கும். டூ வீலில் அந்தப் பிடிப்பு எடை குறைந்த பின் சக்கரங்களுக்கே போவதால் பின்பக்கம் வழுக்கிப் பக்கவாட்டில் போகலாம். பிரேக் இரண்டு வகைக்கும் நான்கு சக்கரத்திலும் உண்டு. ஃபோர் வீல் என்பதற்காக நிற்கும் தூரம் குறையாது.

ஒரு பின் சக்கரம் குழியில் தொங்கினால் சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம்தான் சுழலும், மற்றது சும்மா இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சுழல வைக்கும் பின் டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் டூ வீல்கூட மீளும். விலைப்பட்டியலில் இந்த ஒரு வரியைத் தவறாமல் தேடிப் பாருங்கள்.

6. செலவு

ஃபோர் வீலுக்கு விலை கூடும், எடை கூடும், டீசலும் சற்றுக் கூடும். டிரான்ஸ்பர் கேஸுக்கும் முன் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனியாக ஆயில் மாற்ற வேண்டும். முன் ஆக்சிலின் ரப்பர் பூட் கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டால் மண் புகுந்து ஜாயின்டே போய்விடும். மாதம் ஒருமுறையாவது ஈர மண்ணில் ஃபோர் வீல் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். பழைய வண்டி வாங்குபவரும் அப்படிப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய், ஃபோர் லோ விழுகிறதா, முன் சக்கரம் உண்மையில் இழுக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கட்டும்.