சொந்தப் பெயரில் ஒரு முகவரி

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடலின் பெரிப்புளூஸ்' என்பது கடல் வணிகர்களுக்கான வழிகாட்டி நூல். எந்தத் துறைமுகத்தில் எந்தப் பொருள் கிடைக்கும் என்று வரிசைப்படுத்தும் அந்நூலில், முத்துக்குளிக்கும் இடமாகக் கொற்கை இடம்பெற்றுள்ளது. தேடுவோர் கண்ணில் படும் இடத்தில் கொற்கையின் பெயர் இருந்தது, வணிகர்கள் வந்தார்கள். ஆனால், கடலில் மூழ்கியவர்களைப் பற்றி அந்நூல் கூறுவதெல்லாம், அவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்பது மட்டுமே. அரசு நடத்திய தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. அதுவரையிலும் முத்துக்குப் பெயர் இருந்தது. எடுத்தவருக்குப் பெயர் இல்லை.

இன்று அந்த வழிகாட்டி நூலின் இடத்தைக் கைப்பேசித் தேடல் பிடித்துக்கொண்டுள்ளது. நம் மாவட்டத்தின் கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இலும், உடன்குடி பனங்கருப்பட்டி 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. பொருளுக்கும் ஊருக்கும் கிடைத்த பெருமை இது. ஆனால், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவர் அப்பெயரைத் தேடும்போது, கருப்பட்டி காய்ச்சுபவரின் பெயர் முன்னே வருகிறதா, வாங்கி விற்பவரின் பெயர் முன்னே வருகிறதா? குறியீட்டின் பொருளாதாரப் பயன் யாருக்குப் போய்ச் சேரும் என்பது இக்கேள்விக்கான விடையைப் பொறுத்தது.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள ஆலந்தலை எங்கள் ஊர். அங்கே கருவாடு உலர்த்தி விற்கும் உறவினர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்திடம் பணம் கொடுத்து இணையதளம் ஒன்றை அமைத்தார். அழகான தளம், அலைகள் அசையும் முகப்பு. இரண்டாம் ஆண்டில் அந்நிறுவனம் கேட்ட பராமரிப்புத் தொகையைத் தர மறுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. தளத்தின் முகவரி அவர் பெயரில் பதிவு செய்யப்படவில்லை. நிறுவனத்தின் பெயரில் இருந்தது. சில வாரங்களில் தளம் மறைந்தது. முகவரி அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் மட்டும் வீட்டில் அடுக்கிக் கிடந்தன. "பணம் கட்டினது நான், பேரு எப்படி அவங்களுதாகும், அண்ணே?" என்று அவர் கேட்டதற்கு, பொருளாதாரம் கற்பித்த என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை.

சிறு வணிகர்கள் இதிலிருந்து கற்க வேண்டிய முதற்பாடம், வடிவமைப்பைவிட உரிமை முக்கியம் என்பதே. தளமுகவரி உரிமையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கைப்பேசி எண்ணில் பதிவாக வேண்டும். கடவுச்சொல் அவர் கையில் இருக்க வேண்டும். '.இன்' என முடியும் முகவரிக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆவதில்லை. தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என முடியும் முகவரியையும் பெற முடியும். வடிவமைப்பாளர் கொத்தனார் போன்றவர். வீட்டைக் கட்டித் தரலாம், பத்திரம் அவர் பெயரில் இருக்கக் கூடாது.

இலவசமாகக் கிடைக்கும் சமூக ஊடகப் பக்கங்கள் போதாவா என்று கேட்கலாம். அவை பயனுள்ளவை; ஆனால், வாடகை நிலம் போன்றவை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் செயலி இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தம் வாடிக்கையாளர்களை ஒரே நாளில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. சிறு வணிகர்கள் கட்டணமின்றித் தளம் அமைத்துக்கொள்ளக் கூகுள் அளித்து வந்த வசதி, 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அத்தளங்கள் அனைத்தும் அணைந்தன. வாடகை நிலத்தில் கடை விரிப்பது தவறன்று. அங்கு வருவோருக்கு நம் சொந்த வாசலைக் காட்டாமல் விடுவதுதான் தவறு.

தகவல் கையில் இருப்பதால் என்ன விளையும் என்பதற்குக் கேரளக் கடற்கரையே சான்று. 1997 முதல் 2001 வரை வட கேரளத்தில் கைப்பேசி பரவியபோது, மத்திச் சந்தைகளில் ஏற்பட்ட மாற்றத்தைப் பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். கடலில் இருந்தபடியே விலை விசாரித்து, எந்தக் கரையில் விற்கலாம் என மீனவர்கள் முடிவு செய்தார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. விற்காமல் வீணாகும் மீன் இல்லாமற்போனது. மீனவர் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர, நுகர்வோர் விலை 4 விழுக்காடு குறைந்தது. இருதரப்பும் பயனடைந்தன.

ஆனால், விலையைத் தெரிந்துகொள்வது எளிது. தரத்தைத் தெரிந்துகொள்வது அரிது. தரத்தை அறிய வழியில்லாத சந்தையில் மட்டமான பொருள் நல்ல பொருளை விரட்டிவிடும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். சர்க்கரை கலந்த கருப்பட்டியும் கலக்காத கருப்பட்டியும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். மணலில் காய்ந்த நெத்திலிக்கும் மேடையில் காய்ந்த நெத்திலிக்கும் படத்தில் வேறுபாடு தெரியாது. எனவே, சிறு உற்பத்தியாளரின் தளம் விளம்பரப் பலகையாக இருப்பதைவிடச் சான்றாக இருப்பதே நல்லது.

அச்சான்றுக்கு அலங்காரம் தேவையில்லை. யார் செய்கிறார்கள், எங்கே, எந்த மாதங்களில், எப்படி, என்ன விலை, எத்தனை நாள் கெடாது என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும், புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராகப் பதிவு செய்திருந்தால் அவ்விவரமும் இடம்பெற வேண்டும். இணையவழி விற்போர் தம் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் ஆகிய விவரங்களை வெளியிட வேண்டும் என 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் கூறுவதையும் மறக்கலாகாது.

பலரும் செய்யும் பிழை, விலைப்பட்டியலையும் முகவரியையும் படமாக மட்டும் பதிவேற்றுவது. படத்துக்குள் இருக்கும் சொற்கள் தேடலில் அகப்படும் என்று நம்புவதற்கில்லை; அவற்றை எழுத்தாகவே இட வேண்டும். பொருளின் பெயரைத் தமிழிலும், மக்கள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும் விதத்திலும் எழுத வேண்டும். பக்கம் சிறிய கைப்பேசியில், மெதுவான இணைப்பிலும் விரைவாகத் திறக்க வேண்டும். அசையும் அலைகள் அதற்குத் தடையே.

அடுத்து, கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது. இதற்குக் கட்டணமில்லை. திருச்செந்தூர் வரும் பக்தர் கைப்பேசியில் கருப்பட்டி தேடினால், பொருத்தம், தொலைவு, பரவலாக அறியப்பட்டிருத்தல் ஆகிய மூன்றையும் கொண்டே கடைகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. விளம்பரம் அல்லாத இவ்வரிசையில் பணம் கொடுத்து முன்னேற முடியாது என்று அந்நிறுவனமே கூறுகிறது. ஆகவே, முதலிடம் பெற்றுத் தருவதாக உறுதி கூறிப் பணம் கேட்போரை நம்ப வேண்டியதில்லை. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை எல்லா இடங்களிலும் ஒன்றுபோல இருப்பதும், வாங்கியவர்கள் உண்மையாக எழுதும் கருத்துகளுமே உதவும். விலைக்கு வாங்கும் பாராட்டு, தெரியவரும் நாளில் கடையின் பெயரையே கெடுக்கும். இணையவழிக் கருத்துரைகளுக்கென இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநெறியை வெளியிட்டதற்குப் போலிக் கருத்துகளின் பெருக்கமே காரணம்.

இவையனைத்தையும் கருவாடு உலர்த்துபவரே தனியாகச் செய்ய இயலாது. புவிசார் குறியீடு பெற்ற சங்கங்கள், தம் உற்பத்தியாளர் ஒவ்வொருவரின் பெயரையும் தொடர்பு எண்ணையும், அவரவர் இசைவுடன், பொதுத் தளத்தில் வெளியிடலாம். நம் கல்லூரிகளின் வணிகவியல், கணினி அறிவியல் மாணவர்கள், ஆளுக்கு ஓர் உற்பத்தியாளருக்குப் பக்கம் அமைத்துத் தருவதைச் செய்முறைப் பணியாக ஏற்கலாம். பணி முடியும்போது கடவுச்சொல்லை உரியவரிடம் ஒப்படைத்தால்தான் மதிப்பெண் என்ற ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்.

என் உறவினர் இப்போது தம் பெயரிலேயே முகவரி வைத்திருக்கிறார். ஒரே பக்கம், நான்கு படங்கள், அலைகள் இல்லை. புதுப்பிக்க வேண்டிய தேதியை வீட்டு நாட்காட்டியில் அவரே வட்டமிட்டு வைத்திருக்கிறார். முத்துக்குளித்தவர்களின் பெயர்களை இனி நம்மால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கருவாடு உலர்த்துபவரின் பெயரும் கருப்பட்டி காய்ச்சுபவரின் பெயரும் அப்படிக் காணாமற்போகக் கூடாது.