பிளாஸ்டிக் தொட்டியும் பழைய பி.எம்.டபிள்யூவும்

கார் எஞ்சினில் பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். மீதியில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடும். இன்னொரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்க வேண்டும். 1900-ம் ஆண்டின் கடைசியில் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கிய முதல் மெர்சிடிஸ் காரில் இதற்காகவே 8,070 சிறு குழாய்களை அடுக்கி, தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டரை வைத்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ரேடியேட்டர் என்றாலே செம்பும் பித்தளையும்தான். கனம் அதிகம், ஆனால் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாம்.

அப்படியிருக்க, பிளாஸ்டிக் எப்படி உள்ளே வந்தது? காரணம் எண்ணெய். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. சில மாதங்களிலேயே கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. 1975-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1985-க்குள் காலனுக்கு 27.5 மைல் (லிட்டருக்குச் சுமார் 11.7 கி.மீ.) வர வேண்டும் என்றது. காரில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கும் காலம் தொடங்கியது. செம்பு போய் அலுமினியம் வந்தது. பித்தளைத் தொட்டி இருந்த இடத்தில் கண்ணாடி இழை கலந்த நைலான் வந்தது. ஆமாம், 1935-ல் டூபான்ட் ஆய்வகத்தில் பிறந்து, பெண்களின் காலுறையால் பேர் வாங்கிய அதே நைலான்தான்! எடை குறைவு, துரு கிடையாது. குழாய் வாய், திருகு ஓட்டை, மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிடலாம். தயாரிப்புச் செலவு பார்க்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தக் கணக்கின் மறுபக்கத்தைப் பார்க்க நல்ல உதாரணம் பி.எம்.டபிள்யூவின் 3 சீரிஸ். 1990-ல் வந்த ஈ36 மாடலில் ரேடியேட்டரின் மேல் குழாய் வாய் பிளாஸ்டிக், தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்டிக், பல கார்களில் வாட்டர் பம்பின் சுழலி இறக்கை கூட பிளாஸ்டிக். 1998-ல் வந்த ஈ46 மாடலில் தண்ணீர் விரிவுத் தொட்டிதான் பேர்போன நோயாளி. அழுத்தம் 2 பார் வரை போகும் தொட்டி அது. அதன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் சாதாரணமாக 97 டிகிரியில்தான் திறக்கும். எஞ்சின் சூடாக ஓடினால் எரிபொருள் மிச்சம், புகையும் குறைவு. பெட்ரோலை மிச்சம் பிடிக்க வந்த பிளாஸ்டிக்கை, அதே மிச்சத்துக்காக இன்னும் சூடான தண்ணீரில் வேகவைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சூடான தண்ணீரும் கிளைக்காலும் சேர்ந்து நைலானின் நீண்ட சங்கிலிகளை மெல்ல அறுக்கின்றன. தினமும் சூடாகி ஆறுவதில் ஒட்டுவாய்கள் களைக்கின்றன. பத்து வருடம் போனால் கையால் அழுத்தினாலே பொடியும் துண்டுகள் உண்டு. பம்பின் இறக்கை உடைந்தால் வெளியே ஒரு சொட்டுக் கூட ஒழுகாது, தண்ணீர் மட்டும் ஓடாது. ஈ46-ல் வெப்பமானியும் ஓட்டுநரைக் கைவிட்டுவிடும். ஓர் அகலமான வெப்ப எல்லைக்குள் முள் நடுவிலேயே நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். முள் அசைவது தெரியும்போது காலம் கடந்திருக்கும். அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அலுமினிய பிளாக்கில் ஹெட் போல்ட்டின் மரையே பிய்த்துக்கொண்டு வருவதும் உண்டு. அதைச் சரிசெய்யும் செலவு பழைய காரின் விலையையே தாண்டிவிடலாம். ஒரு மலிவான தொட்டிக்காக முழுக் காரும் காயலான் கடைக்கு!

இதை வெறும் தவறான வடிவமைப்பு என்று ஒதுக்குவது சரியல்ல. எடையும் விலையும் குறைந்ததன் லாபம் கம்பெனிக்கும் முதல் உரிமையாளருக்கும் கிடைத்தது. வாரண்டி முடிந்து, இரண்டாவது, மூன்றாவது கைக்குக் கார் மாறியபோதுதான் செலவு வந்து நின்றது. தேய்மானத்தைக் கணக்கில் எழுதாமல் விற்றுவிட்ட கதை.

அதனால் இந்தக் கார்களை வைத்திருப்பவர்களிடம் ஒரு வழக்கம் வேரூன்றியது. சுமார் ஒரு லட்சம் கி.மீ.க்கு ஒரு முறை, ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும், ரேடியேட்டர், விரிவுத் தொட்டி, பம்ப், தெர்மோஸ்டாட், குழாய்கள் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுவது. டைமிங் பெல்ட்டை மாற்றுவது போலத்தான். இரும்பு இறக்கை பம்ப், அலுமினியத் தெர்மோஸ்டாட் கூடு, முழு அலுமினிய ரேடியேட்டர் என்று ஒரு தனிச் சந்தையே உருவானது. பம்ப் விஷயத்தில் உலோகத்துக்கு மாறுவது நியாயம். மற்றவற்றில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, வெல்டிங் சரியில்லாத அலுமினியத் தொட்டியும் ஒழுகத்தான் செய்யும். காற்று வெளியேற்றும் குட்டித் திருகு இருக்கிறதே, பிளாஸ்டிக்கில் வரும் அது கழற்றும்போதே உடைந்துவிடுகிறது என்று பலர் பித்தளையில் வாங்கிப் போடுகிறார்கள். பித்தளைத் திருகைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் போதும், தொட்டியின் பிளாஸ்டிக் மரை வழித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் தொட்டியையே மாற்ற வேண்டியதுதான்.