ஒன்பதாவது இடம்



எங்கள் ஊர் அரிமளத்தில் பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்குக் கல்லூரி என்றால் புதுக்கோட்டை, இல்லாவிட்டால் திருச்சி. அந்தத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில்தான் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் 1954-இல் இயற்பியல் பட்டம் பெற்றார். அங்கே கணிதம் நடத்திய தோதாத்ரி ஐயங்காரைப் பிற்காலத்திலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல். ஆசையோ விமானப்படை விமானி ஆவது. டேராடூன் தேர்வில் 25 பேர், இடங்கள் எட்டு. கலாம் வந்தது ஒன்பதாவதாக.

மனம் உடைந்து ரிஷிகேஷ் போனவர், சுவாமி சிவானந்தரைச் சந்தித்துத் தேறினார். 1958-இல் பாதுகாப்பு அமைச்சகத்தில் வேலை. அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். அந்த வழியில் வந்தவைதான் அக்னியும் பிருத்வியும். 2002-இல் குடியரசுத் தலைவராகி, முப்படைகளுக்கும் தலைவரானார். 2006 ஜூன் 8 அன்று புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார். அப்போது வயது 74.

வங்கியில் அதிகாரி தேர்வில் இருமுறை தவறிய குமாஸ்தா நான். அந்த ஒன்பதாம் இடத்தின் வலி எனக்குத் தெரியும். நம் குடியிருப்பில் தேர்வு முடிவு பார்த்து வாடிய பிள்ளையை லிப்டில் கண்டால், மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள். இதைச் சொல்லுங்கள்.