கரியாஹாட்டின் தெருப்பெயர்களும் 1915-ஆம் ஆண்டு மாணவர்களும்

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தி புடவைக் கடைகளுக்கும் நடைபாதை வியாபாரத்துக்கும் பெயர் பெற்றது. அங்கே கிழக்கு மேற்காக ஓடும் சாலை ராஷ்பிஹாரி அவென்யூ. இந்திய தேசிய ராணுவத்தோடு தொடர்புடைய ராஷ்பிஹாரி போஸின் பெயர் அது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ராஷ்பிஹாரி கோஷ் என்ற வழக்கறிஞரின் பெயர். தமிழ் வாசகர்களுக்கு இவர் முற்றிலும் அந்நியர் அல்லர். வ.உ.சி.யும் பாரதியும் திலகர் பக்கம் நின்ற 1907 சூரத் காங்கிரசில் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்த மிதவாதி இவர். மறு ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரசுக்கும் இவரே தலைவர். சந்தியிலிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால் கோல்பார்க் வரும். அங்கிருந்து ஏரியை ஒட்டி மேற்கே செல்லும் சதர்ன் அவென்யூவுக்கு இன்று மேக்நாத் சாகாவின் பெயர். முன்னவர் ஒரு கல்லூரிக்குப் பொருள் தந்தவர். பின்னவர் அந்தக் கல்லூரியின் முதல் தலைமுறை இளைஞர்களில் ஒருவர்.

ராஷ்பிஹாரி கோஷ் 1913-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கினார். அதற்கு முன்பே தாரக்நாத் பாலித் என்ற மற்றொரு வழக்கறிஞர் தம் சொத்தின் பெரும்பகுதியை எழுதி வைத்திருந்தார். அந்த அறக்கட்டளைப் பேராசிரியர் பதவிகளில் இந்தியர்களே அமர வேண்டும் என்பது நிபந்தனை. அரசு கைவிரித்த நிலையில், இப்பணத்தைக் கொண்டு 1914 மார்ச்சில் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடம் எழுந்தது, கற்பிப்பதற்கு ஆள் இல்லை. உலகப் போர் தொடங்கிவிட்டதால் ஐரோப்பாவிலிருந்து நூலும் வரவில்லை, இதழும் வரவில்லை.

1915-இல் பிரசிடென்சி கல்லூரியில் கலப்புக் கணிதத்தில் முதுகலைத் தேர்வு எழுதியவர்களில் முதலிடம் சத்யேந்திரநாத் போஸுக்கு, இரண்டாமிடம் மேக்நாத் சாகாவுக்கு. இளங்கலையிலும் இதே வரிசைதான். போஸ் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த காயஸ்தர் வீட்டுப் பிள்ளை. சாகா டாக்கா அருகே சியோராதலி என்னும் சிற்றூரில் மளிகைக் கடைக்காரரின் எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர். வங்கப் பிரிவினைக் காலத்தில் ஆளுநரின் வருகையைப் புறக்கணித்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, உதவித்தொகையையும் இழந்தவர். நிதித்துறைத் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போகலாம் என்றால், புரட்சியாளர்களோடு பழக்கம் என்று கூறி அனுமதி மறுக்கப்பட்டது.

இவர்களும் சைலேந்திரநாத் கோஷ் முதலிய நண்பர்களும் அசுதோஷ் முகர்ஜியைச் சென்று சந்தித்தனர். துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்திருந்தாலும் பல்கலைக்கழகத்தின் அச்சாணி அப்போதும் அவரே. புதிய இயற்பியலுக்கும் நவீன கணிதத்துக்கும் முதுகலை வகுப்புகள் தொடங்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. உங்களால் எதைக் கற்பிக்க முடியும் என்று அவர் கேட்டார். எது சொன்னாலும் முயன்று பார்க்கிறோம் என்பதே அவர்களால் சொல்ல முடிந்த விடை. குவாண்டம் கோட்பாடு சாகாவின் பொறுப்பு, சார்பியல் போஸின் பொறுப்பு என்று பங்கிட்டுக்கொண்டனர். தாங்கள் ஒரு வகுப்பில்கூடக் கேட்டறியாத பாடங்களைத் தாங்களே நடத்துவதாக இருபத்திரண்டு வயதுக்குள் இருந்தவர்கள் ஒப்புக்கொண்டனர். இந்தத் துணிச்சலை இன்றைய எந்த நேர்காணல் குழுவும் மன்னிக்காது.

நூல்கள் கிடைத்த வழியும் வேடிக்கையானது. சிப்பூர் பொறியியல் கல்லூரியில் ப்ரூல் என்ற ஆசிரியர் இருந்தார். தாவரவியலில் பெரும் ஈடுபாடு கொண்ட அவரிடம் பிளாங்க், போல்ட்ஸ்மான் ஆகியோரின் ஜெர்மன் நூல்கள் இருந்தன. அவற்றை வாங்கிப் படிப்பதற்காகவே நண்பர்கள் ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டினர். போர்க்காலம் முழுவதும் பெர்லினில் சிக்கியிருந்த தேவேந்திர மோகன் போஸ் 1919-இல் திரும்பி வந்தபோது மேலும் சில நூல்கள் வந்து சேர்ந்தன. 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கில நூலாக வெளியிட்டது. மொழிபெயர்த்தவர்கள் சாகாவும் போஸும். வரலாற்று முன்னுரை பிரசாந்த சந்திர மகலனோபிஸ் எழுதியது. நான்கு ஆண்டுகள் கழித்து டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்குப் புகழ்பெற்ற தம் கட்டுரையை அனுப்பிய போஸ், தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டது இந்த மொழிபெயர்ப்பைச் சொல்லித்தான். போஸ்–ஐன்ஸ்டைன் புள்ளியியலின் வரலாறு பெரும்பாலும் அந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்கப்படுகிறது. பாடம் நடத்துவதற்காக இரவில் அகராதி புரட்டிய ஆண்டுகளிலிருந்து தொடங்குவது இன்னும் பொருத்தமாக இருக்கும்.

இந்த நட்பைப் பற்றிப் பேசுவோர் ஈடன் இந்து விடுதியை விரைவாகக் கடந்துவிடுகின்றனர். அங்கே தங்கியிருந்த சாகாவோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண உயர்சாதி மாணவர்கள் மறுத்தனர். சரஸ்வதி பூசையிலும் அவர் விலக்கி வைக்கப்பட்டார். கல்வித் தெய்வத்தின் பூசையில், கல்லூரியிலேயே இரண்டாவது சிறந்த கணித மாணவருக்கு இடமில்லை. அவர் விடுதியை விட்டு வெளியேறிக் கல்லூரித் தெருவில் ஒரு மெஸ்ஸுக்குக் குடிபெயர்ந்தார். புதிய உலகைப் பற்றிய உரையாடல் நடந்த நகரத்தில் ஒரே பந்தியில் உண்பது நடக்கவில்லை. சாகா பின்னாளில் எழுதிய அனைத்திலும் இந்தப் பந்தியின் கசப்பு உண்டு என்று கருத இடமிருக்கிறது.

அவருடைய பெயரிலும் ஒரு கதை உண்டு. மழையும் இடியுமான இரவில் பிறந்ததால் மேகங்களின் தலைவன் என்ற பொருளில் பெற்றோர் வைத்த பெயரை, அவர் இளமையில் மேகத்தின் முழக்கம் என்ற பொருள் தரும்படி மாற்றிக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. முழக்கப் பெயர் இராவணன் மகன் இந்திரஜித்துக்கு உரியது. வேள்விச் சாலையில் ஆயுதமின்றி இருந்தபோது கொல்லப்பட்டவனாக மைக்கேல் மதுசூதன தத்தரின் காவியம் போற்றிய வீரன் அவன். வங்க எழுத்தில் இரு பெயர்களுக்கும் கடைசி எழுத்து வேறு. தமிழில் இரண்டையும் ஒரே ‘த’ விழுங்கிவிடுவதால் அவர் செய்த கலகம் நம் எழுத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அசுதோஷிடம் ஒன்றாகச் சென்றவர்கள் ஒரே திசையில் நடக்கவில்லை. சைலேந்திரநாத் கோஷுக்கு ஆய்வகம் போதவில்லை. புரட்சியாளர்களோடு சேர்ந்த அவர், காவல்துறை நெருங்கியதும் அமெரிக்காவுக்குத் தப்பினார். 1918-இல் அங்கே கைதானார்.

சாகா தேர்ந்தது ஆறுகளையும் ஆலைகளையும். 1922-இல் வட வங்கத்தில் பெருவெள்ளம் வந்தபோது பிரபுல்ல சந்திர ராய் நடத்திய நிவாரணப் பணியில் அவர் பங்கேற்றார். வெள்ளத்துக்கு நிவாரணம் மட்டும் விடையாகாது, ஆற்றையே அறிவியலால் ஆள வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் வலுப்பெற்றது. 1935-இல் ‘சயன்ஸ் அண்ட் கல்ச்சர்’ என்ற இதழைத் தொடங்கி, ஆற்றுத் திட்டங்களையும் தொழில்மயத்தையும் பற்றி ஓயாமல் எழுதினார். 1938-இல் காங்கிரஸ் தலைவரான சுபாஷ் சந்திர போஸ் தேசியத் திட்டக் குழுவை அமைத்ததில் சாகாவின் வற்புறுத்தலுக்குப் பங்குண்டு. கைராட்டையை மையமாகக் கொண்ட பொருளாதாரம் அவருக்கு ஏற்புடையதன்று. அதை அவர் மறைத்ததுமில்லை. 1943-இல் தாமோதர் பெருக்கெடுத்தபின் அமைந்த விசாரணைக் குழுவில் அவர் உறுப்பினர். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது. 1952-இல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக வென்று மக்களவைக்குச் சென்றார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்காக அங்கே வாதாடினார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்தை நோக்கி நடந்து செல்கையில் விழுந்து இறந்தார்.

அவருடைய கனவில் உருவான அணைகளுள் பஞ்செத் 1959 டிசம்பர் 6 அன்று திறக்கப்பட்டது. நேரு பொத்தானைத் தாம் அழுத்தாமல், அங்கே வேலை செய்த புத்னி என்ற சந்தால் பெண்ணை அழுத்தச் செய்தார். வரவேற்பு நிகழ்ச்சியில் மாலை மாறியதால் அவள் நேருவுக்கு மனைவியாகிவிட்டாள் என்று கூறி ஊரார் அவளை விலக்கி வைத்தனர். சில ஆண்டுகளில் கழகத்தின் வேலையும் போயிற்று. அணைகளின் நீரில் மூழ்கிய ஊர்களில் சந்தால்களின் ஊர்கள் பல. பந்தியிலிருந்து விலக்கப்பட்ட ஒருவரின் திட்டம் வேறு சிலரைப் பந்திக்கு அழைக்க மறந்ததா, அல்லது அவருக்குப் பின் அதைக் கையிலெடுத்த அதிகாரவர்க்கம் மறந்ததா என்பது விவாதத்துக்குரியது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. தொழில்நுட்பத்தில் சாகாவுக்கு இருந்த நம்பிக்கை அளவு கடந்தது. நிலம் இழப்போரிடம் யார் கேட்பது என்ற வினா அவருடைய தலைமுறையின் திட்ட வரைபடங்களில் அரிதாகவே இடம்பெற்றது.

போஸின் வழி வேறு. அவருக்கு மொழியே முதல் சிக்கலாகத் தோன்றியது. ஜெர்மன் தெரியாததால் தாம் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. ஆங்கிலம் தெரியாத வங்க மாணவனின் பாடும் அதுவே என்பதை அவர் கண்டார். தாய்மொழியில் அறிவியல் முடியாது என்போர் ஒன்று மொழி அறியாதவர், அல்லது அறிவியல் அறியாதவர் என்பது அவருடைய நிலைப்பாடு. 1937-இல் தாகூர் எழுதிய அறிவியல் நூலான ‘விஸ்வ பரிசய்’ போஸுக்கே காணிக்கையாக்கப்பட்டது. 1948 ஜனவரியில், நாடு பிளவுண்ட சில மாதங்களுக்குள், வங்கீய விஞ்ஞான பரிஷத்தைத் தொடங்கினார். அதன் இதழ் ‘ஞான் ஓ பிக்யான்’. தமிழகத்தில் இதே கவலை முன்னரே எழுந்திருந்தது. கல்கத்தா அறிவியல் கல்லூரியில் வகுப்புகள் தொடங்கிய 1916-இலேயே சேலத்தில் ராஜாஜி தமிழில் அறிவியல் கலைச்சொற்களை உருவாக்க ஒரு சங்கம் அமைத்தார். 1954-இல் பெரியசாமித் தூரனின் பதிப்பில் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது. சேலத்துக்காரர்களும் கல்கத்தாக்காரர்களும் ஒருவரையொருவர் படித்திருந்தால் கலைச்சொல்லாக்கத்தில் பாதி உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

கரியாஹாட்டின் மூன்றாவது பெயர் இங்கே வருகிறது. சந்தியை ஒட்டிய இந்துஸ்தான் பார்க்கில் ‘சுதர்மா’ என்ற வீட்டில் வாழ்ந்தவர் சுனிதி குமார் சட்டர்ஜி. இப்போது புடவைப் பைகளோடு மக்கள் நடக்கும் தெருக்களில் ஒன்று அது. 1913-இல் ஆங்கில முதுகலையில் முதலிடம் பெற்றவர். லண்டனில் முனைவர் ஆய்வு முடித்து, 1926-இல் வங்க மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய பெருநூலை வெளியிட்டவர். இந்தியப் பொதுமொழியாக இந்தியை ஒரு காலத்தில் அவர் ஆதரித்தார். 1955-இல் பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைந்தபோது அவரும் உறுப்பினர். மறு ஆண்டு வந்த அறிக்கையோடு இருவரின் மாறுபட்ட கருத்துகள் இணைக்கப்பட்டன. ஒருவர் சட்டர்ஜி, மற்றவர் சென்னை மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் ப. சுப்பராயன். இந்தியை விரைந்து நிலைநாட்டினால் இந்தி பேசாதோர் தம் நாட்டிலேயே இரண்டாம் தரக் குடிகளாக நேரும் என்ற அச்சம் இருவருக்கும் பொது. தமிழகத்தில் இந்தி எதிர்ப்பின் வரலாறு எழுதப்படும்போது இந்த வங்க மொழியியலாளரின் பெயர் அநேகமாக விடுபட்டுப் போகிறது.

ஆணையம் அந்த இருவரின் எச்சரிக்கையை ஏற்கவில்லை. 1965 ஜனவரி 26 நெருங்கியபோது தமிழகத்தில் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். சுப்பராயன் மறைந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. சட்டர்ஜிக்கு அப்போது 74 வயது. போஸ் 71-ஐ எட்டியிருந்தார். பரிஷத்தின் பணிகளில் அப்போதும் ஈடுபட்டிருந்தார்.