உண்ணி பொறுக்கியவர்கள்

தாம்பரம், வண்டலூர் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு உண்ணி பழகிப்போன விஷயம். மேய்ந்துவிட்டு வந்த மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டியிருப்பதைக் கையாலேயே பிடுங்கிப் போடுவார்கள். தெரு நாய்க்கும் அதே தொல்லைதான். "இதற்கெல்லாம் ஒரு வரலாறா?" என்று சிரிக்காதீர்கள். நம் பக்கத்து மாநிலத்தில் உண்ணியைத் தேடித் தேடிப் பொறுக்கிக் கணக்கெடுத்த ஒரு பெரிய கதை இருக்கிறது.

1957-ஆம் வருடம். அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டம், சொரப் தாலுகா. அங்கே கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. காட்டுக்கு விறகு பொறுக்கப் போன ஜனங்களுக்குக் கடும் காய்ச்சல், உடம்பு வலி, சிலருக்கு ரத்தக்கசிவு. சிலர் இறந்தும் போனார்கள். ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய்.

புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்குத் தகவல் போனது. (1952-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு தொடங்கிய மையம் இது. இப்போது தேசிய வைராலஜி நிறுவனம்.) குரங்கு சாகிறது என்றதும் அவர்களுக்கு வந்த முதல் பயம் மஞ்சள் காய்ச்சல். தென் அமெரிக்கக் காடுகளில் அந்த நோய் வரும்போது குரங்குகள் இப்படித்தான் சாகும். இந்தியாவுக்கு அது வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

நல்லவேளை, அது இல்லை. டெல்ஃபோர்டு வொர்க், ஹரால்டு டிராப்பிடோ ஆகியோரின் குழு கண்டுபிடித்தது ஒரு புது வைரஸை. கொசு பரப்புவது அல்ல, உண்ணி பரப்புவது. அதன் நெருங்கிய சொந்தக்காரன் இருந்தது எங்கே தெரியுமா? ரஷ்யாவில்!

ரஷ்ய வைரஸின் உறவு மைசூர் காட்டுக்கு எப்படி வந்தது? சைபீரியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகள் உடம்பில் ஒட்டிய உண்ணியோடு கொண்டுவந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம். சலீம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பிடித்து வளையம் போடும் பெரிய வேலையை எடுத்துக்கொண்டதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். நம் கோடியக்கரையிலும் அவர்கள் வளையம் போட்டார்கள். ஆனால் பறவைதான் கொண்டுவந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் சிக்கவில்லை.

விடை காட்டுத் தரையில் கிடந்தது. ஆய்வாளர்கள் செய்த வேலை கேட்க எளிமையானது. ஒரு துணியைச் சருகு மேல் இழுத்துக்கொண்டே போவார்கள். ஏதாவது பிராணி வராதா என்று காத்திருக்கும் உண்ணிகள் அதில் தொற்றிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இனம் பிரித்து, வைரஸ் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். எலி, மூஞ்சூறு, அணில், பறவை, செத்த குரங்கு, ஊர் மாடு என்று எதையும் விடவில்லை. இதில் ஈடுபட்ட ஊழியர்கள் பலருக்கே அந்தக் காய்ச்சல் வந்தது. ஆபத்தில்லாத வேலை இல்லை.

முக்கியக் குற்றவாளி 'ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா' என்ற உண்ணி. இதன் குஞ்சுகள் சின்னப் பிராணிகள் மேலும் குரங்குகள் மேலும் ஏறும். வளர்ந்த உண்ணிக்கு மட்டும் பெரிய பிராணி வேண்டும். முன்பெல்லாம் கடமானும் காட்டெருமையும் கிடைத்த அளவுதான் அதற்குச் சாப்பாடு. மனிதர்கள் காட்டை வெட்டி வயலாக்கி, மிச்சக் காட்டில் மாடுகளை மேயவிட்டதும் கொண்டாட்டம் ஆகிவிட்டது. மாட்டின் ரத்தத்தைக் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கொலம்பியாவிலிருந்து வந்த ஹோர்ஹே போஷெல் 1969-ல் இந்தக் கோணத்தைத்தான் விரிவாக எழுதினார். வேடிக்கை என்னவென்றால் மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. அது பாவம், உண்ணிக்குச் சாப்பாடு போடுகிறது, அவ்வளவுதான்.

எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. சைபீரியா வரை போன சந்தேகம், கடைசியில் ஊர் மாட்டிடம் வந்து நிற்கிறது.

தெரிந்த பிறகாவது கவனமாக இருந்தோமா? 1980-களின் தொடக்கத்தில் தென் கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடியில் முந்திரித் தோட்டம் போடக் காட்டை அழித்தார்கள். 1,500 பேருக்கு மேல் காய்ச்சல். சுமார் 150 பேர் இறந்தார்கள். அந்த நோயின் மிகப்பெரிய பரவல் அதுதான்.

2012-13-ல் பந்திப்பூரில் இது தலைகாட்டியது. அதை ஒட்டிய நம் நீலகிரியிலும், கேரளத்தின் வயநாட்டிலும் செத்த குரங்குகளில் வைரஸ் இருந்தது. தாம்பரம்வாசிகள் பயப்பட வேண்டாம், இது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து நோய். அங்கே குரங்கு செத்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும். செத்த இடத்தைச் சுற்றி மருந்து அடிப்பார்கள், ஏனென்றால் உடம்பு குளிர்ந்ததும் உண்ணிகள் இறங்கி அடுத்த ஆளைத் தேடும். டிசம்பர் முதல் மே வரை காட்டுக்குள் போகாதீர்கள் என்றும் சொல்கிறார்கள். விறகும் சருகும் பொறுக்கப் போகிறவர்களுக்கு அதே மாதங்கள்தான் வேலைக்காலம்.