மூன்று பெயர்கள்

காவல் சம்மனசை வேண்டிக்கொண்டு உறங்கப் பழகியவர்கள் நாம். அந்தச் சம்மனசின் பெயர் என்ன? நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. இதற்கொரு சரித்திரம் உண்டு.

எட்டாம் நூற்றாண்டில் பிராங்க் நாட்டில் அல்டெபெர்ட் என்பவர், விண்ணிலிருந்து விழுந்த சேசுவின் கடிதம் தம்மிடம் உள்ளதென்றார். தம் மயிரையும் நகத்தையும் திருப்பண்டங்களாகக் கொடுத்தார். வேதாகமம் அறியாத பெயர்களால் சம்மனசுக்களை அழைக்கும் ஜெபமும் இயற்றினார். எளிய மக்கள் திரளாக நம்பினர். புனித போனிபாஸ் முறையிடவே, 745-ஆம் ஆண்டு பாப்பரசர் சக்கரியாஸ் உரோமையில் சங்கம் கூட்டினார். மிக்கேல், கபிரியேல், இரபேல் என்னும் மூன்று பெயர்களையே திருச்சபை அறியும் என்றும், அந்த ஜெபத்தின் புதுப் பெயர்கள் பசாசுகளுடையவை என்றும் ஆயர்கள் தீர்ப்பளித்தனர். 2001-ஆம் ஆண்டிலும் உரோமை இதே வரம்பை நினைவூட்டியது.

பசாசுக்கும் வரம்புண்டு. அதுவும் கடவுளால் நல்லதாகவே படைக்கப்பட்டு, தானாகவே தீயதாயிற்று என 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் போதித்தது. ஆகவே அது கடவுளுக்கு நிகரான எதிரி அன்று, வெறும் படைப்பே.

இரகசியப் பெயரும் மந்திரத் தகடும் கொண்டு நம் அச்சத்தை விலைபேசுவோர் வாசலுக்கு வந்தால், இந்தச் சரித்திரத்தை நினைவுகூர்வோமாக. பெயரறியாச் சம்மனசு நம்மைக் காக்கிறார். அவரை அனுப்பிய ஆண்டவர் நம் பெயரை அறிவார்.